இன்றைக்கு இந்த வீட்டுக்கு: பர்மாத் தமிழ்க் கூட்டங்களுக்கு எந்தத் தமிழ் வேதாகமம்?

யாங்கூன், பகோ, மோல்மியன், தட்டோன் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வேதாகமம் இல்லாத வீடு அரிது. ஆனால் புதிதாக விசுவாசத்துக்கு வந்த ஒருவர் "எதை வாங்கட்டும்?" என்று கேட்டால், "ஊரிலிருந்து வருகிறவர்களிடம் சொல்லி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. ஒன்று என்றால் எது? மொழிபெயர்ப்புக்கு மொழிபெயர்ப்பு சொல் வேறு, காலம் வேறு, மரியாதை வேறு. புதிய விசுவாசிக்கு அந்த வேறுபாடு பெரிய விஷயம்.

இங்கே எடுத்துக்கொண்டவை மூன்று. பழைய திருப்புதல் என்று நாம் சொல்கிற, கறுப்பு அட்டை போட்ட வேதாகமம் முதலாவது. கத்தோலிக்கரும் மற்றச் சபையாரும் சேர்ந்து செய்து 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியம் இரண்டாவது. போனில் படிக்கவும் கேட்கவும் கிடைக்கிற தமிழ் வேதாகமம் மூன்றாவது. அச்சு அழகையும் விலையையும் பின்னால் பார்ப்போம். முதல் அளவுகோல் ஒன்றே ஒன்று: இரட்சிப்பு என்பது இன்றைக்கு நடக்கிற காரியம், மனிதனின் நடை மாறுகிற காரியம் என்பதை இந்தப் புத்தகம் படிக்கிறவருக்குக் காட்டுகிறதா?

இந்த அளவுகோலுக்குக் காரணம் இருக்கிறது. புதிய ஏற்பாடு இரட்சிப்பை மூன்று காலத்திலும் பேசுகிறது. எபேசியர் 2:8இல் "இரட்சிக்கப்பட்டீர்கள்", முடிந்தது. ரோமர் 13:11இல் நாம் விசுவாசிகளான நாளைவிட இரட்சிப்பு இப்போது "அதிக சமீபமாயிருக்கிறது", இனி வரப்போவது. இரண்டுக்கும் நடுவே 1 கொரிந்தியர் 1:18, "இரட்சிக்கப்படுகிற நமக்கோ". கிரேக்கத்திலும் அது நிகழ்காலம்தான். நம் கூட்டங்களில் முதலாவதைச் சாட்சியாகச் சொல்கிறோம், வரப்போவதை அடக்க ஆராதனையில் சொல்கிறோம். நடுவிலுள்ளது காணாமல் போய்விடுகிறது. கடையில் தராசு பிடிக்கிற கையும் வீட்டில் மனைவியிடம் பேசுகிற வாயும் அந்த நடுக் காலத்தில்தான் இருக்கின்றன.

பழைய திருப்புதலிலிருந்து தொடங்குவோம். 1714இல் தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிடத் தொடங்கியதிலிருந்து பலர் கை பட்டு, கடைசியில் ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் நிலைபெற்ற நடை இது. ஒன்றரை நூற்றாண்டு கடந்தும் பர்மாத் தமிழ்ச் சபைகளில் மனப்பாட வசனம் என்றால் இந்த நடைதான். பாட்டிகள் வாயில் இருப்பதும் இதுதான்.

இதன் பெரிய பலம் நிகழ்காலத்தைக் கைவிடாமல் வைத்திருப்பது. வரி வசூலித்துப் பணக்காரனான சகேயுவின் பேச்சைப் பாருங்கள், லூக்கா 19:8: "என் ஆஸ்திகளில் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கிறேன்... நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன்." கொடுக்கிறேன், செலுத்துகிறேன். மூலத்திலும் இரண்டு வினையும் நிகழ்காலம். இதற்குப் பதிலாகத்தான் இயேசு, "இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது" என்கிறார். இன்றைக்கு என்கிறார், வீட்டுக்கு என்கிறார். பணப்பெட்டி திறந்த அதே நாள், அதே வீடு. அப்போஸ்தலர் 2:47இலும் கர்த்தர் சபையிலே சேர்த்துக்கொண்டுவந்தது "இரட்சிக்கப்படுகிறவர்களை", அதுவும் "அனுதினமும்". இந்த "கிற" என்ற இடைநிலையைப் பென்சிலால் வட்டமிடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரப் பிரசங்கத்தை அந்த இரண்டு எழுத்து செய்துவிடும்.

இரண்டாவது பலம், ஒரே சொல்லை ஒரே சொல்லாக வைத்திருப்பது. பன்னிரண்டு வருஷம் இரத்தப்போக்கால் வருந்திய பெண்ணிடம் மாற்கு 5:34இல் "உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது". பாவியான பெண்ணிடம் லூக்கா 7:50இல் அதே வாக்கியம். குணமான குஷ்டரோகியிடம் லூக்கா 17:19இல் மறுபடியும் அதே. மூலத்திலும் மூன்று இடத்திலும் ஒரே வினைதான். உடம்பு நலமானது, பாவம் மன்னிக்கப்பட்டது, ஒதுக்கப்பட்டவன் ஊருக்குள் வந்தது எல்லாம் ஒரே இரட்சிப்பு என்பது வாசிக்கிறவருக்கே தெரிகிறது, யாரும் விளக்க வேண்டியதில்லை. முழுக்க அப்படி என்றும் சொல்ல முடியாது. மாற்கு 5:28இல் அந்தப் பெண் மனதுக்குள் நினைக்கிறபோது அதே வினையை "சொஸ்தமாவேன்" என்று மாற்றிவிட்டார்கள். அந்த இடத்தில் ஓரத்தில் ஒரு குறிப்பு எழுதிக்கொள்வது நல்லது.

மீட்பு என்ற சொல்லையும் இது தனியாக வைத்திருக்கிறது. எபேசியர் 1:7இல் "பாவமன்னிப்பாகிய மீட்பு", 2:8இல் "இரட்சிக்கப்பட்டீர்கள்". மூலத்தில் இரண்டும் வேறு வேறு சொல். அடகுக்கடை தெரிந்த எந்தத் தமிழனுக்கும் இந்த வேறுபாடு உடனே பிடிபடும். வைத்த நகையைப் பணம் கட்டி மீட்கிறோம், அது ஒரு நாள் வேலை, ரசீதைக் கிழித்துப் போட்டால் தீர்ந்தது. இரட்சிப்பதில் காப்பதும் அடங்கியிருக்கிறது, அது நாளும் நடக்கிறது. மீட்ட நகையை மறுபடி அடகுக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்வது இரட்சிப்பின் பாகம்.

இனி குறைகள். பழைய திருப்புதலின் குறை சொல்வளத்தில் இல்லை, பொருள் மாறிப்போன சொற்களில் இருக்கிறது. தெரியாத சொல்லுக்கு நிறுத்திக் கேட்பார்கள். தெரிந்ததாகத் தோன்றுகிற சொல்லுக்கு யாரும் நிறுத்த மாட்டார்கள், ஆபத்து அங்கேதான். 1 கொரிந்தியர் 6:10இல் தேவனுடைய ராஜ்யத்தைச் சுதந்தரிக்காதவர் பட்டியலில் "வெறியர்" என்று இருக்கிறது. இன்றைய இளைஞர் இதை வெறிபிடித்தவர், மதவெறியர் என்று எடுத்துக்கொள்வார். அது குடிகாரரைக் குறிக்கிற சொல். அடுத்த வசனமான "உங்களில் சிலர் இப்படிப்பட்டவர்களாயிருந்தீர்கள், ஆயினும்... கழுவப்பட்டீர்கள்" என்பது குடியை விட்ட மனிதருக்கு வேதாகமத்திலேயே மிகப் பெரிய ஆறுதல். வெறியர் என்பது தன்னைக் குறிக்கிறது என்றே தெரியாவிட்டால் அந்த ஆறுதலும் அவருக்குச் சேராது. தீத்து 2:12இன் "அவபக்தி", "லௌகிக இச்சை" இரண்டும் விளக்கம் கேட்கும். ஆனால் அதே வசனத்தில் "இவ்வுலகத்திலே ஜீவனம்பண்ணி" என்பது நமக்கு ஒரு வரம். ஜீவனம் என்றால் இன்றைக்கு நமக்குப் பிழைப்பு. தெளிந்த புத்தியோடும் நீதியோடும் இவ்வுலகத்தில் பிழைப்பு நடத்து என்று காதில் விழும். பவுல் சொல்ல வந்ததிலிருந்து அது தூரமில்லை.

பிலிப்பியர் 2:12க்குத் தனியாக எச்சரிக்கை வேண்டும். "உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள்." இந்த இடத்தில் நிறுத்தி வாசித்தால் ஜனம் பயந்துவிடும், இரட்சிப்பு நாம் கூலிக்கு வாங்குகிற பொருள் என்று நினைத்துவிடும். 13ஆம் வசனத்தை மட்டும் எடுத்தால், "விருப்பத்தையும் செய்கையையும்" உண்டாக்குகிறவர் தேவனே என்று சொல்லிக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவார்கள். இரண்டும் ஒரே மூச்சு, நடுவில் "ஏனெனில்" இருக்கிறது. வசன எண் போட்டு வரிக்கு வரி பிரித்து அச்சிடும் பதிப்புகளில் இந்த மூச்சு அறுந்துபோகிறது. வாங்குவதற்கு முன் இந்தப் பக்கத்தைத் திறந்து இரண்டு வசனமும் ஒரே பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்ப்பது வீண் நுணுக்கமல்ல.

அடுத்தது பொது மொழிபெயர்ப்பு. ஞாங்லேபின் லூர்து மாதா திருத்தலத்துக்குப் போகிற கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்களுக்கு இது பழகிய நடை. மற்றச் சபையார் இதைத் திறந்தே பார்ப்பதில்லை. அது நட்டம். எங்கள் கணிப்பில் இதன் சிறப்பு தெளிவில்கூட இல்லை, மரியாதையில் இருக்கிறது. பழைய திருப்புதலில் இயேசு சகேயுவை, "நீ சீக்கிரமாய் இறங்கிவா" என்கிறார். இதில் "விரைவாய் இறங்கிவாரும், இன்று உமது வீட்டில் நான் தங்கவேண்டும்." கதை சொல்கிறவரும் அவனை "அவர்" என்றே எழுதுகிறார். லூக்கா 7:50இலும் "உமது நம்பிக்கை உம்மை மீட்டது, அமைதியுடன் செல்க." ஊரே "அவள்" என்று விரல் நீட்டிய பெண்ணிடம் பேசிய வார்த்தை இது. நீ, நீர், நீங்கள் என்று மூன்று படி வைத்திருக்கிற நம் மொழியில், ஒரு மனிதனுக்கு வாழ்க்கை மாறுவதன் முதல் அடையாளம் மற்றவர் அவனை அழைக்கிற விதம் மாறுவதுதான். கிரேக்கத்தில் இந்த மரியாதைப் பன்மை கிடையாது. தமிழ் மட்டும் காட்டக்கூடிய ஒன்றை இந்த மொழிபெயர்ப்பு காட்டியிருக்கிறது.

2 கொரிந்தியர் 5:17 இன்னொரு உயரம். பழைய நடை: "பழையவைகள் ஒழிந்துபோயின, எல்லாம் புதிதாயின." பொது மொழிபெயர்ப்பு: "பழையன கழிந்து புதியன புகுந்தன அன்றோ!" நன்னூல் வாடை தெரிகிறதா? போகி நினைவுக்கு வராத தமிழர் உண்டா? பழைய பாயை எரித்துவிட்டு வீட்டுக்கு வெள்ளையடிக்கிற நாளை வைத்து இந்த வசனத்தை ஐந்து வயதுப் பிள்ளைக்கும் சொல்லிவிடலாம். "எல்லாம்" என்ற சொல் இதில் இல்லாததற்கும் காரணம் உண்டு. பழைய திருப்புதல் பின்பற்றிய கிரேக்கப் பாடத்தில் அந்தச் சொல் இருக்கிறது, பழமையான கைப்படிகளில் இல்லை. சின்ன விஷயம் போலத் தெரியும், ஆனால் வகுப்பில் இதன் விளைவு பெரியது. "எல்லாம் புதிதாயின" என்று மனப்பாடம் செய்தவருக்கு மூன்றாவது வாரம் பழைய கோபம் திரும்பி வந்தால், "அப்படியானால் நான் இரட்சிக்கப்படவே இல்லை" என்று கூட்டத்தையே விட்டுவிடுகிறார். புதியது புகுந்தது என்று படித்தவர், புகுந்த விருந்தாளி வீட்டை ஒழுங்குபடுத்த நாள் எடுக்கும் என்று காத்திருக்கிறார்.

இதன் குறைகளும் சாதாரணமல்ல. சகேயு இதில் "கொடுத்துவிடுகிறேன்", "திருப்பிக் கொடுத்து விடுகிறேன்" என்கிறார். நாளை கடனைத் தந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகிறவன் வாயில் வருவதும் இதே வினைதான். நடக்கிற காரியம் வாக்குறுதியாக இளகிவிட்டது. மறுபக்கம், "நாலத்தனை" என்ற பழஞ்சொல்லை "நான்கு மடங்காக" என்று தெளிவாக்கியிருக்கிறார்கள், அது உபகாரம். மாற்கு 5:34இல் "உனது நம்பிக்கை உன்னைக் குணமாக்கிற்று" என்று போட்டதால் இரட்சிப்பின் ஒரே சொல் இரண்டாகப் பிரிந்துவிட்டது. எபேசியர் 1:7க்கும் 2:8க்கும் மீட்பு என்ற ஒரே சொல்லை வைத்ததால் இரண்டு சொல் ஒன்றாகிவிட்டது. ஒரு பக்கம் பிரித்தார்கள், ஒரு பக்கம் சேர்த்தார்கள். வாங்குகிற சீர்திருத்தச் சபையார் பொருளடக்கத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். கத்தோலிக்கப் பதிப்பில் தோபித்து, யூதித்து முதலிய இணைத் திருமுறை நூல்கள் சேர்ந்திருக்கும். அதில் குற்றமில்லை, ஆனால் கூட்டத்தில் பக்க எண் சொல்லித் திறக்கச் சொன்னால் ஆளுக்கொரு பக்கம் திறப்பார்கள். அதிகாரம், வசனம் சொல்லித் திறக்கப் பழக்குங்கள்.

ஆகவே எங்கள் தீர்ப்பு இது. நடத்துகிறவர் கையில் இரண்டும் இருக்க வேண்டும். புதியவருக்கு முதலில் ஒன்றுதான் வாங்க முடியும் என்றால், தமிழ் எழுத்து நன்றாக வாசிக்கிற நாற்பதைத் தாண்டியவருக்குப் பழைய திருப்புதல், பள்ளிக்கூடத்தில் தமிழே பார்க்காமல் வளர்ந்தவருக்குப் பொது மொழிபெயர்ப்பு. 1965இல் தனியார் பள்ளிகள் நாட்டுடைமையானபின் வீட்டுத் தமிழும் வார இறுதி வகுப்பும் மட்டுமே கிடைத்த தலைமுறைகள் இவை. அவர்களிடம் "லௌகிக இச்சை"யைக் கொடுத்துவிட்டு வாசிக்கவில்லையே என்று குறைப்படுவது நியாயமில்லை.

தமிழ் பேச மட்டும் தெரிந்து பர்மிய எழுத்து மட்டும் வாசிக்கிற பிள்ளைகளுக்கு இன்னொரு வழி இருக்கிறது. அடோனிராம் ஜட்சன் 1834இல் மொழிபெயர்த்து முடித்த பர்மிய வேதாகமம் இன்றும் சபைகளில் புழங்குகிறது. தமிழைப் பெரியவர் வாசிக்க, பிள்ளை அதே வசனத்தைப் பர்மியத்தில் பார்க்கட்டும். பர்மியத்தில் இரட்சிப்புக்குச் சொல் "கெதின்ஜின்". "கெ" என்றால் காப்பாற்று, "தின்" என்றால் மேலே ஏற்று. ஆற்றில் போகிறவனைப் பிடித்து இழுப்பதோடு விடாமல் படகில் ஏற்றி உட்காரவைக்கிற வரைக்கும் அந்தச் சொல் போகிறது. தமிழ் வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் பெரியவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற தருணம் ஒன்று வரும், அதைத் தவறவிடாதீர்கள். இந்த மண்ணின் சாட்சியையும் அப்போதே சேர்த்துச் சொல்லலாம். கோ தா பியூ கரேன் இனத்தவர், கொள்ளைக்காரராகத் திரிந்து கொலைகள் செய்தவர், கடனுக்கு அடிமைப்பட்டிருந்தவர். 1828இல் தவோயில் ஞானஸ்நானம் பெற்று, 1840இல் இறக்கும் வரை ஊர் ஊராய்ப் போய்த் தம் ஜனத்துக்குச் சுவிசேஷம் சொன்னார். அவருடைய முன்கோபம் ஞானஸ்நானத்துக்குப் பிறகும் உடனே போய்விடவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மேலே சொன்ன மூன்றாவது வாரத்துக் கோபக்காரருக்கு அதுதான் மருந்து.

போன் வேதாகமத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். யூவெர்ஷன், பைபிள்.இஸ் என்ற இரண்டு செயலிகளிலும் தமிழ் உண்டு, பின்னதில் காதால் கேட்கவும் தமிழ்ப் புதிய ஏற்பாடு உண்டு. வாசிக்கத் தெரியாத அம்மாக்களுக்கு இது பெரிய உபகாரம். மின்வெட்டும் இணையத் தடங்கலும் உள்ள ஊரில் ஒன்றே ஒன்றைச் சரிபாருங்கள்: பதிவிறக்கியபின் டேட்டாவை அணைத்துவிட்டு லூக்கா 19ஐத் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது உங்கள் கையில் இருக்கிறது, எல்லாப் பதிப்புக்கும் பதிவிறக்கும் வசதி கிடையாது. யாராவது அனுப்புகிற பழைய பாமினி எழுத்துருக் கோப்புகள் போனில் கோணல்மாணலாக வரும், வாங்கி வைக்காதீர்கள். போனின் பெரிய குறை வேறு. பகல் 12 மணியளவிலும் மாலை நாலரை அளவிலும் டூ-டி எண் வருகிற பெட்டியும் அதே போன்தான். தாய்லாந்துப் பங்குச் சந்தைக் குறியீட்டைப் பார்த்து ஆடுகிற அந்தச் சூதாட்டத்தை விட முயல்கிறவரிடம், வேதம் வாசி என்று போனைக் கொடுப்பது சாராயக்கடை வாசலில் ஜெபக் கூட்டம் வைப்பது போல. அவருக்குக் காகித வேதாகமம்தான், அதிலும் அந்த இரண்டு வேளைக்கும் குறித்த பகுதியோடு.

புத்தகத்தின் உடம்பைப் பற்றி. மே முதல் அக்டோபர் வரை மழை பெய்கிற ஊர் இது. முதலில் தையலைப் பாருங்கள். நடுவில் திறந்து மடிப்பின் ஆழத்தில் நூல் தெரிகிறதா? தெரியாவிட்டால் பசையால் ஒட்டினது, இரண்டாவது மழைக்காலத்தில் ஆதியாகமம் தனியாகவும் வெளிப்படுத்தல் தனியாகவும் வந்துவிடும். ஜிப் உறை மழைக்கு நல்லது என்று வாங்குவார்கள். உலோக ஜிப் துருப்பிடித்து ஓரத்தில் கறை ஏறும், பிளாஸ்டிக் பல் உள்ளதைக் கேளுங்கள். பொன் விளிம்புத் தாள்கள் புதிதில் ஒட்டிக்கொண்டிருக்கும், வேகமாகத் திருப்பினால் மெல்லிய தாள் கிழியும். பத்துப் பத்துப் பக்கமாக விரலால் மெதுவாகப் பிரித்துவிடுங்கள். இயேசு பேசினதைச் சிவப்பில் அச்சிட்ட பதிப்பு பகலில் அழகு, சார்ஜ் விளக்கின் மங்கின வெளிச்சத்தில் அந்தச் சிவப்புத்தான் முதலில் மறையும். கூட்டம் மாலையில் என்றால் கறுப்பெழுத்தே வாங்குங்கள். எழுத்தின் அளவுக்கு அட்டையில் போட்ட பெயரை நம்பாமல், வாசிக்கப்போகிறவரே கை நீளத்தில் பிடித்து எபேசியர் 4ஐ வாசித்துப் பார்க்கட்டும். அலமாரியில் காய்ந்த வேப்பிலை போட்டால் இராமபாணப் பூச்சி குறையும். எல்லாவற்றையும்விட நல்ல மருந்து தினமும் திறப்பது.

புத்தகம் கைக்கு வந்தபின் எங்கே தொடங்குவது? ஆதியாகமத்தில் தொடங்கியவர்களில் பலர் லேவியராகமத்தில் நின்றுவிடுகிறார்கள். எபேசியரில் தொடங்கலாம். ஆறு அதிகாரம், வாரத்துக்கு ஒன்று, ஆறு வாரம். இந்த நிருபத்தின் கட்டுமானமே பாடம். முதல் மூன்று அதிகாரத்தில் மூல மொழியில் கட்டளை வினை ஒன்றே ஒன்றுதான், 2:11இன் "நினைத்துக்கொள்ளுங்கள்". பின் மூன்றில் ஏறக்குறைய நாற்பது. நடுவில் கீல் போல 4:1இன் "ஆதலால்". தேவன் செய்து முடித்ததை மூன்று வாரம் கேட்டபிறகுதான் மனிதன் செய்ய வேண்டியது வருகிறது. இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் நம் கூட்டங்களில் அதிகம் நடக்கிற தவறு. வந்த முதல் நாளே நகையைக் கழற்று, சினிமாவை விடு, புகையிலையை விடு என்று நாற்பதையும் ஏற்றிவிடுகிறார்கள். ஆறு மாதத்தில் அந்த மனிதர் ஒன்று நடிக்கிறார், இல்லையென்றால் ஓடிப்போகிறார்.

ஐந்தாம் வாரம் 5:18 வரும், "மதுபான வெறிகொள்ளாமல்". இங்கே நடத்துகிறவருக்கு ஒரு கண்டிப்பான வார்த்தை. பல வருஷம் தினமும் குடித்தவரை, ஜெபித்துவிட்டு இன்றோடு நிறுத்து என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். கடைசிக் குடிக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம், இரண்டு மூன்று நாளில் பிதற்றலும் காய்ச்சலும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கினால் அது பிசாசின் போராட்டம் அல்ல, மூளை மதுவுக்குப் பழகியிருந்ததன் விளைவு. மருத்துவரிடம் கூட்டிப்போங்கள், முதல் நான்கு நாள் யாராவது கூடவே இருங்கள். மாற்கு 5:34இன் இரட்சிப்பில் உடம்பும் சேர்த்தி என்று வாசித்தோமே, அதை இங்கே நடத்திக் காட்டலாம்.

4:28தான் இந்தப் பாடத்தின் இதயம். "திருடுகிறவன் இனித் திருடாமல், குறைச்சலுள்ளவனுக்குக் கொடுக்கத்தக்கதாகத் தனக்கு உண்டாயிருக்கும்படி, தன் கைகளினால் நலமான வேலைசெய்து, பிரயாசப்படக்கடவன்." திருட்டை விட்டதோடு வசனம் நிற்கவில்லை, உழைப்பதோடும் நிற்கவில்லை, கொடுக்கிற கையாகிற வரைக்கும் போகிறது. இதை சகேயுவோடு சேர்த்து வாசித்துவிட்டு ஒரு கணக்குப் போடச் சொல்லுங்கள். பர்மிய எடையில் ஒரு விசைக்கு 100 கியாத்தா. விசைக்கு 5 கியாத்தா குறைத்து நிறுத்து, நாளுக்கு 20 விசை பருப்பு விற்ற கடை என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு ஒரு விசை களவு, 300 நாளில் 300 விசை. லேவியராகமம் 6:5இன்படி முதலும் ஐந்தில் ஒரு பங்கும் சேர்த்தால் 360 விசை. சகேயுவின் நான்கு மடங்கு என்றால் 1,200 விசை. எண்ணைப் பார்த்ததும் அறை அமைதியாகிவிடும். கடைக்காரர் முதலில் செய்ய வேண்டியது 1,200க்கு வழி தேடுவதல்ல, நாளைக் காலை எடைக்கல்லை மாற்றுவது. பெயர் தெரிந்த வாடிக்கையாளருக்குத் திருப்புவது அடுத்தது. யாரென்றே தெரியாதவர்களின் பங்கு ஏழைகளுக்கு. வாங்க ஆளில்லாத ஈட்டுப் பொருளைக் கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் கொடுத்துவிட எண்ணாகமம் 5:8 சொல்லியிருக்கிறது, சகேயுவும் பாதியை முதலில் ஏழைகளுக்குத்தான் எடுத்து வைத்தான்.

இந்தக் கட்டத்தில் கெட்டுப்போவது எங்கே என்றால், சாட்சி நேரத்தில். உற்சாகத்தில் எழுந்து நின்று யாரிடம் எவ்வளவு ஏமாற்றினேன் என்று பெயரோடு சொல்லிவிடுவார்கள். மனைவிக்கு அது அன்றைக்குத்தான் தெரியவரும், கூட்டுக்காரர் மாட்டிக்கொள்வார், பணம் கொடுக்க வேண்டியவர் காதுக்குப் பத்துப் பேர் வழியாகப் போய்ச் சேரும். மத்தேயு 5:24 சொல்கிற வரிசை நேரானது: காணிக்கையை வைத்துவிட்டு முதலில் அந்த ஆளிடம் போ. தனியாகப் போக வேண்டும், தொகையை எழுதிக் கொண்டுபோக வேண்டும், முழுதும் இல்லையென்றால் மாதம் எவ்வளவு என்று சொல்ல வேண்டும். அடுத்தவன் செய்த தப்பை நம் மனந்திரும்புதலில் சேர்த்துச் சொல்ல நமக்கு உரிமை இல்லை.

இந்தக் கணக்கை வேதாகமத்தின் பின் வெற்றுத்தாளில் எழுதுகிறவர்கள் உண்டு. வேண்டாம். அந்தத் தாளில் மை மறுபக்கம் ஊறும். கூட்டத்தில் வேதாகமம் கைமாறி வாசிக்கப்படுகிற புத்தகம், எழுதினதை எல்லோரும் பார்ப்பார்கள். நாற்பது பக்க நோட்டு ஒன்று தனியாகப் போதும். இடப்பக்கம் பெயர், நடுவில் தொகை, வலப்பக்கம் கொடுத்த தேதி. வேதாகமத்தில் லூக்கா 19:9க்குப் பக்கத்தில், "இன்றைக்கு" என்ற சொல்லுக்கு நேரே, பென்சிலால் அந்த முதல் தேதியை மட்டும் குறித்துக்கொள்ளலாம்.